மருந்து இறங்கும்வரை

ஆபரேஷன் நடந்த எந்த வீட்டிலாவது போய்க் கேட்டுப்பாருங்கள். வயிற்றைக் கிழித்த டாக்டரின் பெயர் தெரியும். அவர் பெயருக்குப் பின்னால் தொங்கும் பட்டங்கள் தெரியும். அவர் மகள் எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்பதுகூடத் தெரியும். மயக்கம் கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும், "யாரோ ஒரு லேடி வந்தாங்க, ஊசி போட்டாங்க, போய்ட்டாங்க" என்பார்கள்.

அந்த யாரோ ஒரு லேடிதான் டாக்டர் கோதா. வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கோவிலுக்குப் பின்தெருவில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருந்தாள். கணவர் மஸ்கட்டில் இருந்தார். முதலில் வேலைக்காக இருந்தார். பிறகு சும்மாவே இருந்தார். கோதாவுக்கென்று சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு கார் உண்டு, காரின் பின்சீட்டில் ஒரு பெட்டி உண்டு. காலையில் ஒரகடத்தில் ஒரு சிசேரியன், மதியம் வல்லம் வடகாலில் பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல், சாயங்காலம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு குடலிறக்கம் என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போய்க்கொண்டிருப்பாள்.

பேச்சுத் துணைக்குக் குறைவில்லை என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். தினமும் நாலு பேரிடமாவது பேசினாள். என்ன, அந்த நாலு பேரும் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார்கள். விழித்ததும் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் யார் நினைவிலும் தங்குவதில்லை. மருந்தின் குணம் அது. நல்ல குணம் என்றுதான் பாடப்புத்தகமும் சொல்கிறது.

அன்றைக்கு அவளைக் கூப்பிட்டது கண்ணப்பன் மல்ட்டி ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி. மல்ட்டி என்றால் இங்கே இரண்டு. டாக்டர் கண்ணப்பன் வயிறு பார்ப்பார், அவர் மனைவி பல் பார்ப்பார். சுற்றிலும் தொழிற்சாலைகள் முளைத்த பிறகு கண்ணப்பனுக்கும் ஆஸ்பத்திரியைத் தொழிற்சாலையாக நடத்தினால் என்ன என்று தோன்றிவிட்டது. ஏதோ ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் மேனேஜ்மெண்ட் வகுப்புக்குப் போய்வந்தார். அதிலிருந்து தரையெல்லாம் மஞ்சள் கோடு. நோயாளிக்குப் பெயர் கஸ்டமர். காலையில் நர்ஸுகள் வரிசையில் நின்று தரத்துக்கு உறுதிமொழி எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. ஒரு கேஸ் குறித்த நேரத்துக்கு மேல் இழுத்தால் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தால் கண்ணப்பனின் முகமும் எரியும்.

அன்று அவர் முகத்தில் சந்தனப் பொட்டும் புது டையும். மதியம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஹெச்.ஆர். தலைவர் வருகிறார், இனி அந்தக் கம்பெனித் தொழிலாளர்கள் எல்லோரும் இங்கேதான் என்று கையெழுத்தாகப் போகிறது. வரவேற்பறையில் மேடை, மைக், போட்டோகிராஃபர். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே வெண்டிலேட்டரையும் தூக்கிக்கொண்டுபோய் மேடை அருகே நிறுத்தி, கல்யாணப் பெண்ணுக்கு மாலை போட்ட மாதிரி சிவப்பு ரிப்பன் கட்டிவைத்திருந்தார்கள்.

"மேடம், ஒரு அப்பெண்டிக்ஸ். சின்னப் பொண்ணு. அதே கம்பெனிதான்! பாருங்க கடவுளோட டைமிங்கை" என்றார் கண்ணப்பன். "வலின்னு வந்தா, உடனே கத்தி. அதையே ஸ்பீச்ல சேத்துட்டேன்."

அந்தச் சின்னப் பொண்ணின் பெயர் மாடத்தி. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். செல்போன் பலகையில் திருகாணி முடுக்கும் வேலை, சுங்குவார்சத்திரத்தில் லேடீஸ் ஹாஸ்டல். ஸ்ட்ரெச்சரில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். கூட வந்திருந்தவள் ஹாஸ்டல்காரி ராஜம்மா.

"டாக்டரம்மா, இது நம்ம வூட்டுப் புள்ள மாதிரி. இன்னா செலவானாலும் பாக்காத. கம்பெனி குடுத்துடும்" என்று ராஜம்மா தாராளமாகச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்று கோதா முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டாள்.

"நைட்டு ஷிப்டு முடிஞ்சு வந்து ரெண்டு புரோட்டா தின்னேன் மேடம். தின்னுட்டு படுத்தம்லா, அப்புறந்தான் வலி."

"ஊர்ல யாருக்குச் சொல்லணும்?"

"அம்மைட்ட சொல்லிராதிய. தீப்பெட்டி ஆபீஸ்ல நிப்பா. பாதி கூலியப் போட்டுட்டு பஸ் ஏறிருவா." வலியோடு கொஞ்சம் சிரித்தாள். "நான் முழிச்சப்புறம் நானே சொல்லிக்கிடுதேன்."

குனிந்து அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது கோதாவுக்கு ஒரு வாடை வந்தது. தலைமுடியிலும் நைட்டியிலும் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாடை. ஹாஸ்டல் குழம்பு இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

வயிற்றில் புரோட்டா இருக்கிறது. தூங்கவைத்தவுடன் மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் சட்டென்று இறக்கியாக வேண்டும். அதற்கு ஸ்கோலின் என்றொரு மருந்து. போட்ட மாத்திரத்தில் உடம்பிலுள்ள தசையெல்லாம் துவண்டுவிடும், மூச்சு விடும் தசை உட்பட. சில நிமிடங்களில் ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அந்த மருந்தை மென்று தின்றுவிடும். தசை திரும்ப வரும். அப்படி வரும்போது, நீண்ட நேரம் தாங்கும் இரண்டாவது மருந்தைப் போடவேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் அந்த இரண்டாவது மருந்தை இறக்குவதற்குத்தான் ரிவர்சல் ஊசி. தினமும் செய்கிற வேலை. மாடத்தி, "மேடம், தழும்பு பெருசா..." என்பதோடு நின்றுபோனாள். டியூப் இறங்கியது. கோதா அதோடு மாட்டிய ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தபடி அவள் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், ரிலாக்ஸேஷன் இன்னிக்கு வெண்ணெய் மாதிரி!" என்றார் கண்ணப்பன், வயிற்றுக்குள் விரலை விட்டபடி. "இதத்தான் ரகுபதிகிட்ட தலைபாடா அடிச்சுக்கறேன். அவர் மயக்கம் குடுத்தா வயிறு பலகை மாதிரி நிக்கும்."

ரகுபதி அந்த வட்டாரத்தின் இன்னொரு மயக்க டாக்டர். கோதாவுக்கு யாரும் பாராட்டு சொல்லி நாளாகியிருந்தது. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். இரண்டாவது மருந்து சிரிஞ்சில் ஏற்றப்பட்டுத் தட்டில் படுத்திருந்தது. தசை அசையட்டும், போடலாம் என்று காத்திருந்தாள். அசையவில்லை. கண்ணப்பன் ஹெச்.ஆர். தலைவருக்குப் போர்த்தப்போகும் சால்வையின் தரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே குடல்வாலைக் கண்டுபிடித்து, கட்டி, வெட்டிப் போட்டார். அதற்குள் தையலும் வந்துவிட்டது. குறை சொல்லக்கூடாது, மனிதருக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம்.

கடைசித் தையலில் கோதா மயக்க வாயுவை மூடினாள். தியேட்டர் டெக்னீஷியன் சாம்சன், வழக்கம்போல, சொல்லாமலே ரிவர்சல் ஊசியை ஏற்றி நீட்டினான். கோதாவும் வழக்கம்போல, பார்க்காமலே வாங்கி, பெண்ணின் கையிலிருந்த டிரிப் குழாயில் செருகினாள். பெருவிரல் பிஸ்டன்மேல் போய் உட்கார்ந்தது.

பெண் மூச்சு விடவில்லை.

சரி, ஊசி போனால் விடுவாள் என்று அழுத்தப் போனவளின் கண்ணில் அந்தத் தட்டு பட்டது. இரண்டாவது மருந்து, ஏற்றினபடி, முழுசாக, அங்கேயே கிடந்தது.

போடாத மருந்தை எதைக்கொண்டு இறக்குவது?

விரலை எடுத்தாள். பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து மாடத்தியின் மணிக்கட்டில் இரண்டு கம்பிகளை ஒட்டினாள். பட்டனைத் தட்டினால் நரம்பில் மின்சாரம் பாயும். தசை திரும்பியிருந்தால் கட்டைவிரல் துள்ளும். தட்டினாள். மறுபடி தட்டினாள். நாளெல்லாம் திருகாணி முடுக்குகிற அந்தக் கட்டைவிரல், யாரோ மேஜைமேல் மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன மேடம், ரிவர்சல் போட்டாச்சா?" கண்ணப்பன் கையுறையை உருவிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். ஸ்கோலினே இன்னும் இறங்கல."

"ஸ்கோலினா? அது அஞ்சு நிமிஷ மருந்து மேடம். நான் எம்.பி.பி.எஸ். படிக்கறப்பவே அஞ்சு நிமிஷம்."

"அதை உடைக்கிற நொதி இவ ரத்தத்துல இல்ல. பொறவியிலயே இல்லையா, எதுனாலயாவது போச்சான்னு தெரியல. தானா இறங்கறவரைக்கும் நாமதான் மூச்சு குடுக்கணும்."

"அதுக்குத்தானே ரிவர்சல்? ரிவர்சல் போட்டா ரிவர்ஸ் ஆவணும். பேரே அதுதானே!"

"அந்த ஊசி மிச்சம் மீதி இருக்கற நொதியையும் கட்டிப்போட்டுடும் சார். இன்னும் மோசமாகும்."

கண்ணப்பனுக்குப் பாடம் கேட்கும் மனநிலை இல்லை. கதவைத் திறந்து சிவப்பு விளக்கைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், நான் ஒன்னு சொல்லட்டுமா? டியூபப் புடுங்கி, மாஸ்க் ஒன்ன வச்சு, ரிக்கவரி ரூமுக்குத் தள்ளுங்க. கீழ போட்டோவுக்கு லேட்டாவுது. அந்தாளு படப்பை தாண்டிட்டாராம். சிவப்பு லைட்டைக் காட்டியா ஆஸ்பத்திரிய சுத்திக் காட்டறது?"

"டியூப எடுத்தா செத்துடுவா சார்."

"ரகுபதியா இருந்தா இந்நேரம் முடிச்சுட்டு டீ குடிச்சிருப்பாரு."

"கூப்புடுங்க. வந்து இந்தப் பையை அமுக்கட்டும். எனக்கும் கை வலிக்குது" என்றாள் கோதா. சிரிஞ்சைக் கழற்றி, ரிவர்சல் மருந்தைக் குப்பைவாளிக்குள் பீச்சினாள். சாம்சன் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பை அடக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கண்ணப்பன் டையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மானிட்டரின் சத்தம் கோதாவின் காதில் சரியாக விழுந்தது. இதயம் குதிரைபோல் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. குனிந்து மாடத்தியின் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்த இமையோரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டு காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வாயுவை மூடி இவ்வளவு நேரமாகிவிட்டது. பெண் விழித்துவிட்டாள். விழித்து, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், மூச்சை இழுக்கவும் முடியாமல், தொண்டையில் டியூபோடு இவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

கோதா வாயுவை முழுசாகத் திறந்தாள். "சாம்சன், தூக்க மருந்து தீந்துபோச்சு, ஸ்டோர்லேருந்து ஒரு குப்பி, ஓடு!" அவன் ஓடினான். வாயு ஏறச் சில நிமிடம் பிடிக்கும். அந்தச் சில நிமிடம் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நீளம் என்று கோதாவுக்குத் தெரியும். ஒரு கையால் பையை அமுக்கியபடி அவள் காதருகே குனிந்தாள்.

"மாடத்தி. நான் ஊசி போட்ட டாக்டர். பேரு கோதா. ஆபரேஷன் முடிஞ்சுது. நீ சாகலை. கை கால் வராது, கண்ணு தொறக்காது, பயப்படாத, மருந்து இன்னும் இறங்கல, அவ்வளவுதான். இறங்கிடும். மூச்சு நீ விட வேண்டாம், நான் விடறேன் உனக்கு. இங்கேயேதான் இருக்கேன். திரும்பத் தூங்க வைக்கறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொல்லியாகிவிட்டது. ஆனால் பேச்சை நிறுத்தக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. நிறுத்தினால் அந்தப் பெண் இருட்டில் தனியாக இருப்பாள். எந்தப் புத்தகமும் இதற்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே கோதா வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். தன் ஃப்ளாட்டில் லிஃப்ட் ரிப்பேர் என்றாள். நேற்று வைத்த வற்றல்குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, இன்றைக்கும் அதுதான், நாளைக்கும் அதுவாகத்தான் இருக்கும், ஒரு ஆளுக்கு எவ்வளவு கொஞ்சமாக வைத்தாலும் மிஞ்சித்தான் போகிறது என்றாள். கீழ்வீட்டுக்காரர் என் கார் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்துகிறார், கேட்கவேண்டும் கேட்கவேண்டும் என்று ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அப்புறம், யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். "வீட்டுக்குப் போனதும் டி.வி.ய போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவேன். பாக்கறதுக்கு இல்ல. உள்ள யாரோ பேசிண்டிருக்கற மாதிரி இருக்கும்."

இதயத் துடிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. வாயு பிடித்துவிட்டது. சாம்சன் குப்பியோடு வந்தபோது கோதா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அந்த ஹாஸ்டல் அம்மாவக் கூட்டிண்டு வா" என்றாள்.

தலைக்கு ஒரு தொப்பியை மாட்டி, கதவிடுக்கில் ராஜம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினான். கோதா பையை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஹாஸ்டல்ல பூச்சி மருந்து ஏதாவது அடிப்பீங்களா?"

ராஜம்மாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "பின்ன? ஒரகடம் ரோட்டுல எந்த ஹாஸ்டலுக்கு வேணா போயி பாரு டாக்டரம்மா, மூட்டப்பூச்சி மூட்ட மூட்டயா கீது. நம்மாண்ட ஒன்னு காட்டு, மொட்ட அடிச்சிக்கிறேன்."

"என்ன மருந்து?"

"நெல்லுக்கு அடிக்கிறதுதான். நெலந்தான் பூடுச்சி கம்பெனிக்கு. ஸ்பிரேயரு நல்லா கீது, அத சும்மா வச்சிகினு இன்னா பண்றது? சனிக்கெழம ஆனா போதும், பெட்டு பூரா நனைய அடிச்சிடுவேன்."

"நனையவா?"

"நனைஞ்சாத்தான் சாவும்!"

"காய வச்சுத்தானே படுப்பாங்க?"

"எங்க காயறது? இந்தப் புள்ள நைட்டு ஷிப்டு. இது எழுந்து போனா பகல் ஷிப்டு புள்ள வந்து அதே பெட்டுல வுழும். பெட்டு ஒரு நிமிட்டு சும்மா கெடக்காது."

பூண்டும் மண்ணெண்ணெயும். குழம்பு அல்ல. அந்தப் பயிர் மருந்து பூச்சியைக் கொல்வதும் இதே நொதியின் குடும்பத்தைக் கட்டிப்போட்டுத்தான் என்று மூன்றாம் வருஷத்திலேயே கோதா படித்திருக்கிறாள். வாரம் தவறாமல் அதில் ஊறிப் படுத்தவளின் ரத்தத்தில் ஸ்கோலினை மெல்ல எதுவும் மிச்சமில்லை. காலையில் மூக்குக்கு எட்டியது மூளைக்கு எட்டவில்லை.

"அந்த மெத்தையெல்லாம் தூக்கி வெளிய போடுங்க. எல்லாப் பொண்ணுங்களையும் தலைக்குக் குளிக்கச் சொல்லுங்க. அந்த மருந்து இனிமே கூடாது."

"அப்ப மூட்டப்பூச்சி?"

"கடிக்கட்டும்."

ராஜம்மா இப்படிப்பட்ட டாக்டரை அதுவரை பார்த்ததில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு போனாள்.

"வெண்டிலேட்டர் வேணும் சாம்சன். எத்தனை நேரமாகும்னு தெரியல."

சாம்சன் போய்த் திரும்பிவந்தான். "ரிப்பன் வெட்டாம எடுக்கக்கூடாதாம் மேடம். வெட்டி, போட்டோ எடுத்ததும் நானே தூக்கிகினு வரேன்னு சொல்லிட்டேன். என்னையும் கீழ வரச் சொல்றாரு. பொக்கே தட்டு புடிக்க ஆளு இல்லியாம்."

"போ. ஆனா ரிப்பன் வெட்டினதும் அங்க நிக்காத."

தியேட்டரில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கறுப்பு ரப்பர் பையை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள், விட்டாள். மாடத்தியின் நெஞ்சு ஏறி இறங்கியது. இது தன் மூச்சா அவள் மூச்சா என்று சில நேரம் கோதாவுக்கே குழம்பியது. தன்னையறியாமல் அவளும் அதே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கை கடுத்தால் மற்றக் கை. அதுவும் கடுத்தால் முதல் கை. நடுநடுவே மணிக்கட்டில் பட்டனைத் தட்டுவாள். விரல் கிடந்தபடி கிடக்கும்.

கீழிருந்து கைதட்டல் கேட்டது. பிறகு, சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஆஸ்பத்திரியின் மூலை முடுக்கெல்லாம் தன் பேச்சைக் கேட்கவேண்டும் என்று கண்ணப்பன் இணைப்புக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"எங்கள் ஆஸ்பத்திரியில்," என்றது சுவர், "நோயாளி தனியாக இல்லை. இருபத்திநாலு மணி நேரமும், ஒரு முழு டீமே, அவருக்குப் பின்னால் நிற்கிறது."

முழு டீம் கையை மாற்றிக்கொண்டு பையை அமுக்கியது.

"இன்று காலை வலியோடு வந்த உங்கள் ஊழியர், இந்த நேரம், புன்னகையோடு ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார்."

கோதா தட்டினாள். விரல் அசையவில்லை. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவள் விரும்பவில்லை. ஆனால் தன் கணக்கு தப்பாக இருந்தால்? வேறு ஏதோ என்றால்? கேட்க ஒரு ஆள் இல்லை. ரகுபதிக்குப் போன் செய்யலாம், செய்ய மூன்றாவது கை இல்லை. இறங்கும் என்று இந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. இனி அதை நம்ப வேண்டியது அவள் மட்டுமல்ல, கோதாவும்தான்.

சால்வை போர்த்தினார்கள். பதில் சால்வை போர்த்தினார்கள். ஹெச்.ஆர். தலைவர் ஆங்கிலத்தில் பேசினார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு ஒலிபெருக்கி அணைந்து, டிபன் தட்டுகளின் சத்தம் மட்டும் மாடிப்படி வழியாக வந்தது. கடைசியில் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு சாம்சன் வந்தான், வெண்டிலேட்டரை உருட்டிக்கொண்டு. வெட்டிய ரிப்பனின் பாதி அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் வாழையிலைத் துண்டில் கொஞ்சம் கேசரி.

"உங்களுக்கு மேடம். மறைச்சு எடுத்தாந்தேன்."

மெஷினைப் பொருத்தினார்கள். அது மூச்சைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இத்தனை நேரம் வேலை செய்த இரண்டு கைகளுக்கும் திடீரென்று வேலை இல்லை. கோதா அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல், மாடத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேசரி ஆறி இறுகியது.

ஜன்னல் இல்லாத அறை. வெளியே ஷிப்ட் பஸ்களின் ஹாரன்கள் கூடியதை வைத்துத்தான் சாயங்காலம் என்று தெரிந்தது. அப்போது ஒருமுறை தட்டியபோது, விரல் துடித்த மாதிரி இருந்தது. தன் கண்ணை நம்பாமல், விரல்மேல் விரல் வைத்துத் தட்டிப்பார்த்தாள். துள்ளியது. சின்னத் துள்ளல், மீன் குஞ்சு தொட்டுவிட்டுப் போவதுபோல. கொஞ்ச நேரத்தில் பலமாக. பிறகு மாடத்தி தானே ஒரு மூச்சை இழுத்தாள். மெஷினோடு சண்டை போட்டாள். கோதா தூக்க மருந்தை நிறுத்தினாள். பெண் இருமினாள், கண்ணைத் திறந்தாள். சொன்னதும் தலையைத் தூக்கி, அப்படியே நிறுத்திக்காட்டினாள். டியூபை எடுத்ததும் கோதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

கோதா முகக்கவசத்தைக் கழற்றாமலே பெட்டியை மூடினாள். வாசலில் கண்ணப்பன் நின்றிருந்தார், தோளில் சால்வை.

"இந்தப் பொண்ணுக்கு இனிமே யாரும் ஸ்கோலின் போடக்கூடாது. அந்த ஹாஸ்டல் பத்தி கம்பெனிக்கும் சொல்லணும்" என்றாள்.

"சொல்லலாம், சொல்லலாம். கையெழுத்து மை காயட்டும் மேடம்" என்றார் அவர்.

மறுநாள் காலை தண்டலத்துக்கு, ஒரு குழந்தையின் டான்சில் ஆபரேஷனுக்காகப் போய்க்கொண்டிருந்தாள். சாம்சன் போன் செய்தான்.

"மேடம், காலங்காத்தால செம காமெடி! அந்தப் பொண்ண வச்சி சார் வீடியோ எடுத்தாரு, வாட்ஸப்ல போட. பக்கத்துல கோட்டு மாட்டிகினு இவரு. ரெண்டு வார்த்த சொல்லும்மான்னாரு. அது சொல்லுது மேடம், 'டியூபப் புடுங்கித் தள்ளு, கீழ போட்டோவுக்கு லேட்டாவுதுன்னு சார் சொன்னாவ, எனக்குக் கேட்டுச்சு'ன்னு! இவரு மூஞ்சி பாக்கணுமே. கட், கட்னு கத்தி அழிக்கச் சொல்லிட்டாரு. மயக்க மருந்து சைட் எஃபெக்ட்டாம், பொண்ணு ஒளர்தாம். மேடத்தத்தான் கேக்கணும்னு சொல்லிகினு கீறாரு. மேடம்? லைன்ல கீறீங்களா?"

கோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுச்சு என்றால், எல்லாமும் கேட்டிருக்கிறது. நினைவும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் தொட்டு மயக்கிய அத்தனை பேரும் அவளை மறந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் நேற்றிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது, இந்த ஒருத்தியாவது மறந்துவிட வேண்டும் என்றுதான்.

தண்டலத்துக்குப் போன் செய்து தாமதமாகும் என்றாள். அவர்கள் நம்பவில்லை, அவள் தாமதமாக வந்ததே இல்லை. காரைத் திருப்பினாள்.

வார்டுக்குள் கோதா போவது அபூர்வம். எந்தக் கட்டில் என்று நர்ஸைக் கேட்கவேண்டியிருந்தது. மாடத்தி தலையணையில் சாய்ந்து, போனில் யாருக்கோ மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகக்கவசம் இல்லாத அந்த முகம் அவளுக்குப் புதுசு.

"யாரு மேடம்?"

"வலி எப்படி இருக்கு?" என்றாள் கோதா.

போனில் ஓடிய கட்டைவிரல் நின்றது. மாடத்தி அவளையே பார்த்தாள்.

"நீங்கதானா அது."

கோதா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "எல்லாம் கேட்டுதா?"

"கேட்டுச்சு மேடம். கண்ணத் தொறக்கேன், தொறக்கேன், தொறக்கல. செத்துட்டம்னே நெனச்சேன். அப்புறம், செத்தா ஒரு ஆளு எதுக்கு போட்டோ போட்டோன்னு கெடந்து கத்துதாருன்னு நெனச்சேன்." சிரித்தாள், தையல் இழுத்ததும் நிறுத்தினாள். "நீங்க பேசுனது வந்துச்சு. பாதியில தூங்கிட்டேன்போல."

என்ன நடந்தது என்று கோதா நிதானமாகச் சொன்னாள். மெத்தை, மருந்து, நொதி. "அந்த வாடை நேத்தே எனக்கு வந்துது. கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு" என்றாள். மாடத்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மெத்தைக்குப் பதில் ராஜம்மா பாய் தருவாளா என்பதே அவள் கவலை.

"இது கனவுல வரும். கொஞ்ச நாளைக்கு வரலாம். வந்தா உள்ளேயே வச்சுக்காத. யார்கிட்டயாவது சொல்லு."

"யார்ட்ட மேடம் சொல்ல? அம்மைட்ட சொல்ல முடியாது. ரூம்ல ஒருத்தி முழிச்சா ஒருத்தி தூங்குவா. மொகமே பாக்காத ஆளு இருக்கு."

"எனக்குப் போன் பண்ணு."

"நீங்க முழிச்சிருப்பியளா?"

"இருப்பேன்" என்று கோதா நம்பரைச் சொன்னாள். மாடத்தி பதிந்துகொண்டாள். பெயர் என்ன என்று கேட்கவில்லை. கோதா என்று தானாகவே அடித்தாள். தண்டலத்திலிருந்து அழைப்பு வந்து, அடித்து, ஓய்ந்தது.

"மேடம், ஒன்னு கேக்கட்டா? கண்ண மூடிக்கிடுதேன். நீங்க ஏதாச்சும் பேசுங்க. அந்தச் சத்தத்த பகல்ல ஒருக்கா கேட்டுக்கிட்டா, ராத்திரி வந்தா பயமா இருக்காதுல்லா."

கண்ணை மூடிக்கொண்டாள். கோதா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நேற்று லிஃப்ட், குழம்பு, ஸ்கூட்டர், டி.வி. என்று கொட்டிய வாய்தான். பதில் சொல்ல முடியாதவர்களிடம் நாளெல்லாம் பேசலாம். அதில் அவளுக்கு இருபது வருஷ அனுபவம். இங்கே இமைக்குக் கீழே கருவிழி ஓட, உதடு தயாராக, ஒருத்தி பதில் சொல்வதற்குக் காத்திருந்தாள்.

"சாப்டியா?" என்றாள் கோதா கடைசியில்.

"இன்னும் தண்ணியே குடுக்கல மேடம்" என்றாள் மாடத்தி, கண்ணைத் திறக்காமல். "நீங்க சாப்டியளா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக்கமே தவிர, பதில் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கோதா கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"இல்ல" என்றாள்.